ஒரே இரவில் தண்ணீர் பளிங்காகிவிட்டது, பவளங்கள் சுருங்கிவிட்டன: கரி போட்டது தவறா?

முற்றத்துமீன் (பள்ளத்தூர்), திங்கள் காலை

அனைவருக்கும் வணக்கம். இரண்டு ஆண்டுகளாக இங்கே படிப்பதோடு நின்றுகொண்டவன். இன்று வாய் திறக்கவேண்டிய நிலை.

தொட்டி நான்கடி. சம்ப்பையும் (தண்ணீரை வடிகட்டும் துணைத்தொட்டி) சேர்த்தால் 300 லிட்டர் உப்புநீர். பங்கு வீட்டில் எங்களுக்கு வந்த இரண்டாங்கட்டு அறையில் இருக்கிறது. மென்பவளங்கள் மட்டும்தான்: உள்ளங்கையைவிடப் பெரிய தோல் பவளம் ஒன்று (கடையில் லெதர் என்பார்கள்), ஒரு பாறை நிறையக் காளான் பவளம், ஜோவாந்திட் (கூட்டமாகப் படரும் சிறு பவளம்) இரண்டு திட்டு. கோமாளி மீன் ஒரு ஜோடி, மஞ்சள் டேங் (சர்ஜன் மீன் இனம்) ஒன்று. டேங்குக்கு இந்தத் தொட்டி போதாது என்று யாரும் தொடங்கவேண்டாம். தெரியும். பெரிய தொட்டிக்குக் காசு சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

மூன்று மாதமாகத் தண்ணீர் லேசாக மஞ்சளடித்தது. முன்னால் நின்றால் தெரியாது. பக்கவாட்டில் நின்று நீளவாக்கில் பார்த்தால் நீர்த்த டீ மாதிரி இருந்தது. சனிக்கிழமை வெளியூர்க் கடை ஒன்றில் ஆக்டிவேட்டட் கார்பன் அரைக்கிலோ வாங்கினேன். கொட்டாங்கச்சியில் செய்ததுதான் உசத்தி, எவ்வளவு போட்டாலும் நல்லதே என்றார் கடைக்காரர். அரைக்கிலோவையும் துணிப்பையில் கட்டி, சம்ப்பில் தண்ணீர் விழும் இடத்தில் வைத்துவிட்டுப் படுத்தேன்.

ஞாயிறு காலையில் தொட்டிக்குள் தண்ணீர் இருக்கிறதா என்றே சந்தேகம் வந்தது. மீன்கள் காற்றில் நிற்பது போல் இருந்தன. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். அந்தப் பெருமை ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. இன்று பார்த்தால் தோல் பவளம் விரல்களை எல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டு மெழுகு பூசியது போல் நிற்கிறது. காளான்கள் சட்டைப் பொத்தான் அளவுக்குச் சுருங்கிவிட்டன. ஜோவாந்திட்டில் ஒரு திட்டு வெளிறிவிட்டது.

உப்படர்த்தி 1.025, வெப்பம் 26.5, கே.எச் (காரத்தன்மை) 8.2, நைட்ரேட் 10. ஒன்றும் மாறவில்லை. கரியில் நஞ்சு ஏதாவது இருந்திருக்குமா?

இன்னொன்று. நடந்ததைக் கேட்ட அப்பத்தா, "கொட்டாங்கச்சிக் கரிக்கா காசு கொடுத்தாய்? நானே சுட்டுத் தருகிறேன்" என்கிறார். அதைப் போடலாமா?

தேவகோட்டை180, திங்கள் காலை

என்ன விளக்கு, எத்தனை மணி நேரம்? பதில் எழுதுவதற்கு முன்னால் அதன் அளவைப் பாதியாகக் குறைத்துவிட்டு வாருங்கள். கரியிலும் முக்கால் பங்கை வெளியே எடுங்கள்.

முற்றத்துமீன், திங்கள் காலை

எல்.இ.டி. நீலம் 80 சதவீதம், வெள்ளை 40 சதவீதம், ஒன்பது மணி நேரம். மூன்று ஆண்டுகளாக இதே அளவுதான். குறைத்துவிட்டேன், கரியையும் எடுத்துவிட்டேன். ஆனால் காரணம் புரியவில்லை. நான் கை வைத்தது கரியில், விளக்கில் இல்லையே?

கரித்தூள் (காரைக்குடி), திங்கள் மதியம்

தம்பி, விளக்கில்தான் கை வைத்திருக்கிறீர்கள், தெரியாமல்.

நான் கல்லூரியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன், கொஞ்சம் நீளமாகத்தான் சொல்வேன். மீன் கழிவு, தீவனம், பாசி, பவளம் விடும் சளி எல்லாம் மட்கி, கரைந்த கரிமப் பொருளாகத் தண்ணீரில் தங்குகிறது. அதில் ஒரு பகுதிக்கு மஞ்சள் நிறம் உண்டு. மஞ்சளாகத் தெரிகிறது என்றால் நீலத்தையும் ஊதாவையும் அது விழுங்குகிறது என்று பொருள். உங்கள் விளக்கில் நீலம்தான் 80 சதவீதம். மூன்று மாதமாக உங்கள் பவளங்கள் மெல்லிய மஞ்சள் கண்ணாடி போட்டுக்கொண்டு அந்த வெளிச்சத்தைப் பார்த்துவந்தன. கிடைக்கிற வெளிச்சத்துக்கு ஏற்பத் தம் திசுவுக்குள் இருக்கும் நுண்பாசியின் நிறமியையும் கூட்டிக்கொண்டன. சனிக்கிழமை இரவு நீங்கள் அந்தக் கண்ணாடியைப் பிடுங்கிவிட்டீர்கள். சித்திரை வெயிலில் நம் வீட்டு உள்ளறையிலிருந்து சட்டென்று முற்றத்துக்கு வந்தால் கண் என்ன பாடுபடும்? உங்களுக்குக் கண்ணை மூடிக்கொள்ள முடியும். அந்த நுண்பாசிக்கு முடியாது. தாங்காத ஒளியில் அது ஆக்சிஜன் நச்சுகளை உண்டாக்கும்; பவளம் அந்தப் பாசியையே வெளியே தள்ளும். ஜோவாந்திட் வெளிறியது அதனால்தான்.

கரி நஞ்சைக் கக்கியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. அது செய்யவேண்டிய வேலையை அளவுக்கு மீறிச் செய்துவிட்டது. 300 லிட்டருக்கு 150 முதல் 180 கிராம் என்பதே பலரும் போடும் முழு அளவு. நீங்கள் அதைப்போல மூன்று பங்கு போட்டிருக்கிறீர்கள், அதுவும் ஒரே நாளில்.

கானாடுகாத்தான்ஆச்சி, திங்கள் மாலை

இதனால்தான் நான் கரியைத் தொடுவதே இல்லை. ஒன்பது ஆண்டுகளாகத் தொட்டி வைத்திருக்கிறேன். வாரம் பத்து சதவீதம் தண்ணீர் மாற்றுகிறேன், ஸ்கிம்மர் (நுரையில் அழுக்கைப் பிரிக்கும் கருவி) கோப்பையை இரண்டு நாளைக்கு ஒரு முறை கழுவுகிறேன். அவ்வளவுதான். கரி போடுகிறவர்கள் பெரும்பாலும் தண்ணீர் மாற்றச் சோம்பல்படுகிறவர்கள். யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை. தேவகோட்டைத் தம்பியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

தேவகோட்டை180, திங்கள் மாலை

ஆச்சி, குறிப்பிட்டுச் சொல்லவில்லை என்றுவிட்டு அடுத்த வரியிலேயே பேரையும் சொல்லிவிட்டீர்களே.

கரித்தூள், திங்கள் இரவு

ஆச்சி சொல்வதில் பாதிக்கு மேல் சரி. அவர்கள் தொட்டியில் என்ன இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். கோமாளி மீன், காளான் பவளம், அவ்வளவுதானே ஆச்சி? தோல் பவளம் இல்லை.

தோல் பவளத்துக்கு ஓடவும் முடியாது, கடிக்கவும் முடியாது. இடத்துக்காகப் போட்டி வந்தால் டெர்பீன் வகை நச்சுகளைத் தண்ணீரில் கலந்துவிடும். கடலில் அலை அடித்துக்கொண்டு போய்விடும். 300 லிட்டரில் எங்கே போகும்? பக்கத்தில் இருப்பவை மெல்ல மெல்ல வளர்ச்சி குன்றும். வாரம் பத்து சதவீதம் தண்ணீர் மாற்றினால் அந்த நச்சிலும் பத்து சதவீதம்தான் போகும். மீதித் தொண்ணூறு உள்ளேயே இருக்கும், அடுத்த வாரம் புதிதும் சேரும். ஸ்கிம்மர், குமிழியின் பரப்பில் ஒட்டக்கூடியதை மட்டுமே பிரிக்கும். இந்த நச்சுகளுக்குக் கரிதான் ஏற்றது. மென்பவளங்களைக் கலந்து வைக்கிற தொட்டியில் மஞ்சள் நிறத்தைக்கூட நான் மன்னிப்பேன், கரி இல்லாததை மன்னிக்கமாட்டேன்.

கரி எடுக்காதவற்றையும் சொல்லிவிடுகிறேன். அம்மோனியா போகாது. நைட்ரேட் போகாது. உப்பு, கால்சியம், மெக்னீசியம் எதையும் அது சீண்டாது. பாஸ்பேட்டைக் குறைக்கும் என்று நம்பி வாங்காதீர்கள். மட்டமான கரி பாஸ்பேட்டைக் கூடுதலாகத் தந்துவிட்டுப் போகும்.

கானாடுகாத்தான்ஆச்சி, திங்கள் இரவு

தோல் பவளம் இல்லை என்பது உண்மை. அந்த அளவுக்கு ஒத்துக்கொள்கிறேன்.

முற்றத்துமீன், செவ்வாய் காலை

ஐயா, மிக்க நன்றி. காளான்கள் கொஞ்சம் விரிந்திருக்கின்றன. தோல் பவளம் மட்டும் அப்படியே மூடிக் கிடக்கிறது, மேலே பளபளவென்று ஒரு படலம். அழுகத் தொடங்கிவிட்டதா? வெளியே எடுத்துவிடவா?

தொண்டிக்கரை, செவ்வாய் காலை

எடுக்காதீர்கள். அது தோல் உரிக்கிறது. சில நாள் முதல் ஓரிரு வாரம் வரை இப்படிப் படுத்தும், பிறகு மெழுகுத்தாள் போல ஒன்று உரிந்து போகும். பம்ப்பின் ஓட்டம் அதன் தலைமேல் படும்படி லேசாகத் திருப்பிவையுங்கள், சீக்கிரம் உரியும். அழுகினால் மூக்கே சொல்லிவிடும். அந்த நாற்றத்துக்கு வீட்டில் யாரும் இருக்கமாட்டார்கள்.

கேட்காமலே ஒன்றைச் சொல்கிறேன். கல் பவளம் பக்கம் போகாமல் மென்பவளத்தோடு நின்றுகொண்டது நல்லது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001இல் பவளங்களைச் சேர்த்துவிட்டார்கள். கல் பவளம், கருப்புப் பவளம், கடல் விசிறி எல்லாம் அதில் வரும். ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலுள்ள 21 தீவுகள் 1986இலிருந்து தேசியப் பூங்கா. கரையில் ஒதுங்கிக் கிடந்தது, செத்ததுதானே என்று ஒரு துண்டைப் பையில் போட்டுக்கொண்டு வருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதுவும் குற்றம்தான்.

முற்றத்துமீன், செவ்வாய் மதியம்

தண்ணீருக்கு உங்கள் ஊர்க் கடலையே நம்பலாமா என்றும் கேட்க நினைத்தேன். உப்புப் பொடி விலை கட்டுப்படியாகவில்லை.

தொண்டிக்கரை, செவ்வாய் மதியம்

பாக் நீரிணை ஆழம் குறைந்த கடல். காற்று எழும்பினால் அடிச் சேறெல்லாம் மேலே வந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரையோரத்து உப்படர்த்தியும் இறங்கிவிடும். நான் கோடையில், காற்றில்லாத நாளாகப் பார்த்து, படகில் உள்ளே போய்த்தான் எடுக்கிறேன். பிறகு இருட்டில் மூடிவைத்துத் தெளியவிட்டு, மெல்லிய துணியில் வடிகட்டி, ஒரு வாரம் கரியில் ஓடவிடுகிறேன். படகு இல்லாதவர் உப்புப் பொடியே வாங்குவது மேல். டீசல் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் பெரிய மிச்சம் ஒன்றும் இல்லை.

தேவகோட்டை180, செவ்வாய் மாலை

காரைக்குடியில் ஒருவர் சம்பை ஊற்றுத் தண்ணீரிலேயே உப்பைக் கலக்கிறார். "குடித்தால் தேன் மாதிரி இருக்கிறது, மீனுக்கு ஆகாதா?" என்கிறார். மூன்று மாதமாகப் பழுப்புப் பாசியைச் சுரண்டிக்கொண்டிருக்கிறார்.

கரித்தூள், செவ்வாய் மாலை

மண்ணிலிருந்து வரும் தண்ணீரில் சிலிக்கேட் இருக்கும். நம் நாக்குக்கு அது தெரியாது, பழுப்புப் பாசிக்குத் தெரியும். ஆர்.ஓ. தண்ணீர்தான் வழி. அந்த ஆர்.ஓ. இயந்திரத்துக்குள்ளும் இதே கரிதான் உட்கார்ந்து, குளோரின் சவ்வைக் கெடுக்காமல் காக்கிறது.

அப்பத்தாவின் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லையே. கொட்டாங்கச்சியைச் சுட்டால் கிடைப்பது கரி. அதை மறுபடி 800 முதல் 1000 டிகிரி வெப்பத்தில் நீராவி செலுத்தித் துளைத்தால்தான் ஆக்டிவேட்டட் கார்பன். நீராவி கரியை உள்ளுக்குள் அரித்து லட்சக்கணக்கான நுண்துளைகளைத் திறந்துவிடும். நல்ல கரி ஒரு கிராமில் துளைகளின் உட்பரப்பையெல்லாம் விரித்துப்போட்டால் ஏறக்குறைய 1000 சதுர மீட்டர், அதாவது இருபத்தைந்து சென்ட் மனை வரும். ஒரு சிட்டிகைக்குள் இருபத்தைந்து சென்ட்! அழுக்கு மூலக்கூறுகள் அந்தப் பரப்பில் ஒட்டிக்கொள்கின்றன. சல்லடை போல மறித்து நிறுத்துவதாக எண்ணவேண்டாம். அடுப்பில் சுட்ட கரியில் அந்தத் துளைகளில் பெரும்பகுதி தாரும் சாம்பலும் அடைத்துத்தான் இருக்கும். சாம்பல் தண்ணீரில் பட்டால் பி.எச். ஏறும், பொட்டாசியமும் பாஸ்பேட்டும் கரையும். அப்பத்தாவிடம் பல் துலக்கவும் வெண்கலம் விளக்கவும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கோபித்துக்கொள்ளாமல் சொல்வது உங்கள் சாமர்த்தியம்.

கானாடுகாத்தான்ஆச்சி, செவ்வாய் இரவு

எங்கள் ஆயா வீட்டில் ஊருணித் தண்ணீர் குடத்துக்குள் தேத்தாங்கொட்டையை உரைத்துவிடுவார்கள். விடிந்து பார்த்தால் கலங்கல் எல்லாம் அடியில் படிந்து, மேலே தெளிவாக நிற்கும். கரியும் கிடையாது, ஆவியும் கிடையாது. ஐயா, அதைத் தொட்டியில் உரைத்தால் என்ன ஆகும்?

கரித்தூள், செவ்வாய் இரவு

ஆச்சி, கேட்டதே நல்லதாகப் போயிற்று, செய்துபார்த்துவிடாதீர்கள். தேத்தாங்கொட்டை மிதக்கும் களிமண் துகள்களைச் சேர்த்துக் கட்டி கட்டியாக்கும். கனத்தால் அவை படியும். உங்கள் தொட்டியில் இருப்பது மிதக்கும் மண் இல்லை, கரைந்துவிட்ட நிறம். அதற்கு அந்தக் கொட்டை ஒன்றும் செய்யாது. கொட்டையின் புரதம் வேறு தண்ணீரில் கரைந்து, உங்கள் ஸ்கிம்மர் நுரைத்துத் தரையெல்லாம் வழியும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் உப்புநீர் ஊறினால் பூத்துக்கொண்டு வரும், நீங்களே என்னைத் திட்டுவீர்கள்.

தேவகோட்டை180, புதன் காலை

எல்லோரும் உண்மை பேசுகிற இழையாக இருப்பதால் நானும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். பழைய கரியைக் கழுவி, மொட்டை மாடியில் வற்றலுக்குப் பக்கத்தில் வெயிலில் காயவைத்து, மறுபடி போட்டிருக்கிறேன். ஒரு முறை அல்ல, ஓராண்டு முழுக்க.

கரித்தூள், புதன் காலை

ஓராண்டு முழுக்க வெறும் கறுப்புக் கல்லைப் போட்டிருக்கிறீர்கள். துளைக்குள் ஒட்டியதைக் கழற்ற, தொழிற்சாலையில் மறுபடி பல நூறு டிகிரி சூட்டில் ஆவி செலுத்துவார்கள். நம் ஊர் வெயில் கொடியதுதான், அந்த அளவுக்கு இல்லை.

தேவகோட்டை180, புதன் காலை

வற்றல் மட்டும் நன்றாக இருந்தது.

நெறியாளர்

வற்றல், தேத்தாங்கொட்டை பற்றித் தனி இழை தொடங்கலாம். இங்கே கரி மட்டும்.

முற்றத்துமீன், புதன் மாலை

சரி, கரிக்கே வருகிறேன். அடுத்த முறை எதை வாங்குவது? ஒரு பொட்டலத்தில் "அயோடின் எண் 1000" என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அதிகமாக இருந்தால் நல்லதா?

கரித்தூள், புதன் இரவு

இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அயோடின் எண் என்பது ஒரு கிராம் கரி எத்தனை மில்லிகிராம் அயோடினைப் பிடிக்கும் என்ற கணக்கு. அயோடின் சின்ன மூலக்கூறு; 2 நானோமீட்டருக்கும் குறைந்த துளைக்குள்ளும் நுழைந்துவிடும். தொட்டியின் மஞ்சள் நிறத்துக்குக் காரணமான பொருள்களில் பல அதைவிட மிகப் பெரியவை. குறுகிய திண்ணைச் சந்துக்குள் மாட்டு வண்டியை விடுகிற கதை. கொட்டாங்கச்சிக் கரியில் பெரும்பாலும் இந்தச் சின்னத் துளைகள்தான். குடிநீருக்கும் குளோரினுக்கும் அருமையான கரி. மஞ்சளை எடுக்கக் கொஞ்சம் பெரிய துளைகளும் வேண்டும். அது நிலக்கரியில் செய்த கரியில் கூடுதல், பழுப்பு நிலக்கரியில் இன்னும் கூடுதல். நெய்வேலியில் வெட்டுகிறார்களே, அந்த இனம்.

தொண்டிக்கரை, புதன் இரவு

ஐயா, பழுப்பு நிலக்கரிக் கரியைப் பரிந்துரைக்கிறீர்களா? இவர் தொட்டியில் டேங் இருக்கிறது. தலையிலும் பக்கவாட்டுக் கோட்டிலும் தோல் அரித்துக் குழி விழும் நோய் அந்த இனத்துக்கு அதிகம் வரும். அமெரிக்காவில் டொலிடோ விலங்குக் காட்சிசாலையில் ஜே ஹெம்டால் சர்ஜன் மீன்களை வைத்துச் செய்த சோதனை 2011இல் வெளிவந்தது. பழுப்பு நிலக்கரிக் கரி போட்ட தொட்டியின் மீன்களுக்கு அந்த நோய் கடுமையாக வந்தது, கரியே போடாத தொட்டியில் வரவில்லை. அந்தக் கரி மிருதுவானது, உரசினால் பொடியாகும். பொடியின் மேல்தான் எனக்குச் சந்தேகம்.

கரித்தூள், புதன் இரவு

பரிந்துரைக்கவில்லை, துளையின் கதையைச் சொன்னேன். ஆனால் நீங்கள் குறுக்கிட்டது சரி. டேங்கை மறந்துவிட்டேன். அப்படியானால் கடினமான, குச்சி குச்சியாக அழுத்திச் செய்த நிலக்கரிக் கரி. பொடி குறைவு, துளையும் போதும். அது கிடைக்காவிட்டால் இப்போதிருக்கிற கொட்டாங்கச்சிக் கரியே இருக்கட்டும். கடினத்தில் அதை மிஞ்ச ஆள் இல்லை. மஞ்சளை மெதுவாக எடுக்கும். இன்றைய நிலையில் உங்களுக்கு அந்த மெதுவும் தேவை.

எதுவானாலும் ஆர்.ஓ. தண்ணீரில் அலசுங்கள், கறுப்பு வடிவது நிற்கும்வரை. சனிக்கிழமை அலசினீர்களா? நீங்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ரியாக்டரில் (கரி வழியாகத் தண்ணீரை ஓடவிடும் குழாய்) போட்டால் கரி உலை அரிசி போலத் துள்ளக்கூடாது; மேல் அடுக்கு சும்மா நெளிந்தால் போதும். துள்ளினால் ஒன்றையொன்று அரைத்துப் பொடியாக்கிக்கொள்ளும். பாஸ்பேட் சந்தேகம் இருந்தால், ஒரு கிண்ணம் ஆர்.ஓ. தண்ணீரில் ஒரு கரண்டி கரியை ஒரு நாள் ஊறவைத்துச் சோதனைப் பெட்டியால் பாருங்கள். மீனுக்கு மருந்து போடும் நாளில் கரியை எடுத்துவிடவேண்டும், இல்லாவிட்டால் மருந்தை மீனுக்கு முன்னால் கரி குடித்துவிடும்.

முற்றத்துமீன், வியாழன் காலை

அலசவில்லை. வெட்கமாக இருக்கிறது.

அளவையும் சொல்லிவிடுங்கள் ஐயா. அப்படியே செய்கிறேன்.

கரித்தூள், வியாழன் காலை

முதல் வாரம் 40 கிராம். இரண்டாம் வாரம் 80. பிறகு 120இல் நின்றுகொள்ளுங்கள். மூன்று வாரத்துக்கு ஒரு முறை புதிது. விளக்கைப் பாதியிலிருந்து வாரம் பத்து சதவீதம் ஏற்றுங்கள். மாற்றும் நாளைச் சுவரில் எழுதிவைக்கவேண்டும். கரி தீர்ந்துபோனதை மறந்து இரண்டு மாதம் விட்டு, மஞ்சள் ஏறியபிறகு மொத்தமாகப் புதிது போட்டால் மறுபடி இதே திங்கட்கிழமைதான்.

கானாடுகாத்தான்ஆச்சி, வியாழன் மாலை

நாளைப் பார்த்து மாற்றுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. தண்ணீரைப் பார்த்து மாற்றவேண்டும். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகளில் வெள்ளை எனாமல் தட்டு கிடைக்கும், நீல விளிம்பு போட்டது. உங்கள் வீட்டு இரண்டாங்கட்டுப் பரணிலேயே அடுக்கிவைத்திருப்பார்கள், பாருங்கள். தொட்டியின் ஒரு கோடியில், கண்ணாடிக்கு வெளியே அதைச் சாய்த்துவைத்துவிட்டு, மறுகோடியிலிருந்து நான்கடித் தண்ணீர் வழியாகப் பாருங்கள். தட்டு வெள்ளையாகத் தெரிந்தால் விட்டுவிடுங்கள். மோர் நிறம் வந்தாலே மாற்றிவிடுங்கள், டீ நிறம்வரை காத்திருக்கவேண்டாம். நான் தண்ணீர் மாற்றுகிற அளவைக் கூட்டுவதா குறைப்பதா என்று முடிவு செய்வது இப்படித்தான்.

கரித்தூள், வியாழன் மாலை

ஆச்சி, நிறமில்லாத நச்சு தட்டில் தெரியாதே.

கானாடுகாத்தான்ஆச்சி, வியாழன் மாலை

தெரியாதுதான். அதற்கு நீங்கள் நாளைப் பாருங்கள், நான் தட்டைப் பார்க்கிறேன்.

முற்றத்துமீன், ஐந்து வாரங்களுக்குப் பிறகு

தாமதத்துக்கு மன்னிக்கவும். நடுவில் பங்காளி வீட்டுக் கல்யாணம். வளவு முழுக்க ஆட்கள், தொட்டியைச் சுற்றிப் பிள்ளைகள்.

தோல் பவளம் ஒன்பதாம் நாள் உரித்தது. தொண்டிக்கரை அண்ணன் சொன்ன அதே மெழுகுத்தாள். இப்போது முன்னைவிட அகலமாக விரிகிறது. காளான்கள் இரண்டு வாரத்தில் பழைய அளவுக்கு வந்துவிட்டன. வெளிறிய ஜோவாந்திட் திட்டில் பாதி போய்விட்டது; மீதியில் பச்சை திரும்புகிறது. கரி 120 கிராமில் நிற்கிறது, நேற்று மாற்றினேன். டேங்கின் முகத்தை வாரத்துக்கு ஒரு முறை கைவிளக்கு வைத்துப் பார்க்கிறேன், குழி எதுவும் இல்லை.

எனாமல் தட்டு பரணிலேயே இருந்தது, பன்னிரண்டு. ஒன்றைத் தொட்டிக்குப் பின்னால் சாய்த்துவைத்தேன். சாப்பிடும் தட்டை மீனுக்குப் பக்கத்தில் வைத்தது யார் என்று அப்பத்தா இரண்டு நாள் பேசவில்லை. கரி விஷயத்தைச் சொன்னபோதுகூட இவ்வளவு கோபம் இல்லை.

கானாடுகாத்தான்ஆச்சி, அன்று மாலை

தட்டு என்ன நிறம்?

முற்றத்துமீன், அன்று மாலை

வெள்ளை, ஆச்சி. சுவரில் எழுதிய தேதிப்படி இன்னும் இருபது நாள் இருக்கிறது.